சாவிக்கு எந்த ஊர்?

பூட்டுத் திறக்கிறவனைச் சிரித்த முகத்தோடு யாரும் கூப்பிட்டது கிடையாது. எங்களைத் தேடி ஆள் வருகிற நேரத்தில், அந்த வீட்டில் ஒருத்தர் அழுதுகொண்டிருப்பார், ஒருத்தர் திட்டிக்கொண்டிருப்பார், இன்னொருத்தர் அடுப்படியில் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். ஏற்கெனவே பார்த்த சட்டைப் பையையே மறுபடி மறுபடி தடவிப் பார்க்கும் அன்பர்களே, உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும். என் அவஸ்தையையும் கொஞ்சம் கேளுங்கள்.

எழுபதுகளில் தேனி பஜாரில் ஒரு இரும்புக் கடைக்கு வேலை பார்த்தேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், அதனால் பூட்டு எனக்குப் பிறந்த வீட்டுச் சமாச்சாரம். சுற்று வட்டாரத்தில் எங்கே யார் சாவியைத் தொலைத்தாலும் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். நான் அரம், கம்பி, பல் வெட்டாத சாவிகள் எல்லாம் கிடக்கிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். போடி, கம்பம், குமுளி, தேவதானப்பட்டி என்று ஒரு நாளும் ஓர் இடத்தில் இருந்ததில்லை. இருக்கவும் என்னால் ஆகாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கால் செருப்பைத் தேடும்.

"வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருகிறேன், இங்கேயே உட்கார்ந்து வேலை பார், வேண்டியவன் பூட்டைத் தூக்கிக்கொண்டு வரட்டும்" என்று முதலாளி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிடிகொடுக்கவில்லை. என் சம்சாரம் பாண்டியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள அந்த ஸ்டூல்ல நீங்க உக்காந்திருக்கணும். இல்லேன்னா சின்னமனூருக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன், திரும்ப வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றேன்.

சாமியாரின் அலமாரி

கம்பம் ரோட்டில் ஒரு கத்தோலிக்கக் கோயில். மறுநாள் கோயில் திருவிழா, திருப்பலிப் பாத்திரமும் பூசை உடுப்பும் அலமாரிக்குள். சாவியும் அலமாரிக்குள். உடுப்பை மடித்து வைத்தபோது கையிலிருந்த சாவியையும் சேர்த்து வைத்து, கதவைச் சாத்தி அமுக்கிவிட்டார் சாமியார். அது தானாகப் பூட்டிக்கொள்கிற ஜாதி. என் வயதுதான் அவருக்கு இருக்கும். நான் கம்பியை விட்டுத் திருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நின்று நகத்தைக் கடித்தார். திறந்ததும் உயிர் வந்து பேச்சு வந்துவிட்டது. "நீர் இத்தன நாளா விக்கிறீரே சாவி, அது தமிழே இல்ல, தெரியுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் பாட்டுக்கு அடுக்கினார். கப்பலில் வந்த போர்ச்சுகீசுக்காரன் 'சாவே' என்றானாம், அதுதான் நமக்குச் சாவி. அதற்கும் மூத்தது லத்தீனில் 'கிளாவிஸ்'. அதுவே ஸ்பெயின்காரன் வாயில் 'யாவே', இத்தாலிக்காரன் வாயில் 'கியாவே', பிரெஞ்சுக்காரனிடம் 'க்ளே'. பல வருஷம் போட்டுத் திருப்பிய சாவிக்குப் பல் தேய்கிற மாதிரி, ஊர் ஊராகத் தேய்ந்திருக்கிறது. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கிற சபைக்கு இங்கிலீஷில் 'கான்கிளேவ்' என்று பேராம். உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவதால் 'சாவியோடு' என்று அர்த்தமாம். அத்தோடு விட்டாரா? ஜன்னல், மேசை, இப்போது திறந்த அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்த சாமான் என்றார். "அப்ப நம்ம வீட்ல நம்ம சாமான்னு என்னதான் சாமி இருக்கு?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் பூசை உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கதவு உம்முடையது, பூட்டு உம்முடையது. தொறக்கிறதுக்குத்தான் வெளியாளு வேண்டியிருந்திருக்கு."

வீட்டில் கிடைத்த பதில்

அன்றைக்குச் சாயங்காலம் பாண்டியம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேச்சோடு பேச்சாக அவளிடம் வீட்டுச் சாவியைக் கேட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சாவியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ரெண்டு பேருக்கும் சண்டை வரும். அவள் நிலைப்படியில் வைப்பாள், நான் குனிந்து எடுத்துக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அப்படியும் எங்களுக்குள் வந்த சண்டைக்குக் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

கப்பல், போர்ச்சுகல், லத்தீன் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் படியில் சாவியை டக்கென்று வைத்தாள். "சாவி எந்த ஊர்ல இருந்து வந்தா எனக்கென்ன? நீங்க எப்ப வருவீகன்னு கேட்டா மட்டும் வாயில பதில் வராது!"

குமுளிக்காரர் சொன்ன கணக்கு

சாமியார் என் தலைக்குள் வண்டை விட்டுவிட்டார். போகிற இடமெல்லாம் சாவிக்கு உங்கள் பாஷையில் என்ன பேர் என்று கேட்க ஆரம்பித்தேன். குமுளியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி. காயெல்லாம் உள்ளே, வாங்க வந்த போடி வியாபாரி வெளியே, லாரி ரோட்டில். கிட்டங்கிக்காரர் மலையாளி, குரியன் என்று பேர். "தாக்கோல் போயி, தாக்கோல் போயி" என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாக்குகிற கோலா, இது என்ன பேர் என்று கேட்டுவிட்டேன்.

பூட்டுக்குள் கம்பி போய்க்கொண்டிருந்தபோதே எனக்குப் புத்தி தட்டியது. தாழ், கோல். தாழ்ப்பாளைத் திறக்கிற கோல். அட, இது நம்ம சரக்கல்லவா! நாம் கீழே கப்பல்காரனிடம் புதுசு வாங்கிக்கொண்டோம், பழசு மலை ஏறிப் போய் இவர்களிடம் சௌக்கியமாக இருக்கிறது. அவரிடம் சொன்னேன், எங்கள் சொல்லை நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று. குரியன் கிட்டங்கிக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டே தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "நீங்க வேண்டாம்னு களஞ்சத நாங்க எடுத்து வச்சு. அத்ரே உள்ளு, சேட்டா, அவ்வளவேதான்."

உத்தமபாளையத்து நகைப்பெட்டி

உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ் வீடு. மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்தாயிற்று. பெண்ணின் நகைப்பெட்டிக்குச் சாவி இல்லை. பெண்ணின் பெரியம்மா, வீட்டுக்கே எஜமானி மாதிரி, "தம்பி, சுருக்கா, சுருக்கா" என்று என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். இவ்வளவு அவசரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அரபியில் சாவிக்கு என்ன என்று அங்கிருந்த ஆலிமிடம் கேட்டேன். அவர் நிதானமாக, "மிஃப்தாஹ். திறக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது" என்றார். பம்பாயில் துணி வியாபாரம் செய்கிற பெண்ணின் அண்ணன், "அங்கன எல்லாரும் சாபின்னுதான் சொல்லுவாக" என்றார். அதுவும் அதே கப்பல்தான் போல. நமக்கு ஒரு மூட்டை, பம்பாய்க்கு ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

பெட்டி திறந்தது. நகையை எடுக்கப் பெரியம்மா குனிந்தார். குனிந்த வேகத்தில் அவர் முந்தானை முடிச்சு பெட்டி மூடியில் இடித்து டங்கென்றது. முடிச்சை அவிழ்த்தால் சாவி. நான் என் கம்பியைத் துடைத்துப் பைக்குள் போட்டேன். அந்த அம்மா எல்லாரையும் ஒரு சுற்று முறைத்துவிட்டுச் சொன்னார்: "தேடுனவளும் நான்தான், ஒளிச்சவளும் நான்தான். ரெண்டு பேரையும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, ஆமா!"

இன்னொரு சாவி

சின்னமனூர்ப் பக்கம் ஒரு மோட்டார் ரூம். கிணற்றுக்குள் சாவியைப் போட்டுவிட்டு நின்ற வயல்காரச் சம்சாரியிடம் என் கப்பல் கதையை எடுத்து விட்டேன். அவர் வரப்புக்கு இறங்கி ஒரு நெற்கதிரைக் கிள்ளிவந்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். உள்ளே பால் பிடிக்கவில்லை, வெறும் தோல். பதராய்ப் போன பயிரையும் நம் ஆட்கள் சாவி என்றுதானே சொல்வோம், அது எனக்கு மறந்தே போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவசர அவசரமாகப் பூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து அவர் சொன்னார்: "உங்க சாவி கப்பல்ல வந்துச்சு. எங்க சாவிக்குக் கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாய்க்கால்ல ஒரு வாரம் தண்ணி வராட்டாப் போதும்."

போடியில் ஒரு ஆர்மோனியம்

போடி பஜாரில் ஒரு புரொட்டஸ்டன்ட் வியாபாரி வீடு. இரும்புப் பெட்டிக்குச் சாவி உடைந்து பாதி உள்ளே நின்றுவிட்டது. அதை நான் நெம்பிக்கொண்டிருக்க, அவருடைய மருமகன் ஜேக்கப் பக்கத்து அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஆர்மோனியம் பழகிக்கொண்டிருந்தார். வேதத்தில் சாவி என்று வராது, திறவுகோல் என்றுதான் வரும் என்று மாமனார் சொன்னார். "அதுல்ல ராஜா வீட்டுப் பேரு! வாயில சொல்லும்போதே கதவு தொறக்குதே" என்றேன். "சர்ச்சுல திறவுகோல், வீட்டுக்கு வந்தா சாவி எங்கடின்னுதான் கத்துவாரு" என்று உள்ளேயிருந்து வியாபாரி சம்சாரத்தின் குரல் வந்தது.

ஜேக்கப் மெட்ராஸில் படித்தவர். ஆர்மோனியத்தில் அமுக்குகிற கட்டைக்கும் இங்கிலீஷில் 'கீ'தான் என்று அமுக்கிக் காட்டினார். அவர் வைத்திருந்த பாட்டுத் தாளில் கோட்டுக்கு முன்னால் வளைந்து வளைந்து ஒரு குறி இருந்தது. அதற்குப் பேர் 'க்ளெஃப்', பிரெஞ்சுக்காரனுடைய சாவி அதுதான், அதைப் பார்த்தால்தான் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று தெரியும் என்றார். நான் விடவில்லை. அப்படியென்றால் கீ என்பதும் லத்தீன் வீட்டுப் பிள்ளைதானே என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அது எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களுக்கே பிடிபடவில்லையாம். இரும்புப் பெட்டிப் பக்கம் நின்ற மாமனார் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "அப்பன் ஆத்தா யாருன்னு தெரியாது. ஆனா இன்னைக்கு ஊரு பூராம் அதுக்குத்தான் மரியாதை. அதப் பாத்துக்கிருங்க!"

உடைந்த சின்னச் சாவி

இப்படி அலைந்துகொண்டிருந்ததில் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்குக் கோயிலில் கம்பம் நட்டுவிட்டார்கள். எனக்கு வைத்த கெடு முடியப் போகிறது. இன்றைக்கு ஓடைப்பட்டி வேலையை முடித்துவிட்டு மத்தியானமே வந்துவிடுகிறேன், வந்ததும் முதலாளியிடம் பேசிவிடுகிறேன் என்று பாண்டியம்மாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒரு பூட்டுக்குக் கூப்பிட்டு மூன்று பூட்டைக் காட்டினார். அங்கிருந்து சின்னமனூர் வந்தால் தேனி பஸ் தூணுக்குத் தூண் நின்று வந்தது. திருவிழாக் கூட்டம். தேனி வந்ததும் பஸ் நிற்கும்வரை பொறுக்க முடியுமா என்னால்? ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிப்பது எனக்குப் பழக்கம்தான். அன்றைக்குப் பை முன்னால் போனது, நான் பின்னால் போனேன், தோள் தரையில் இடித்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கழுத்துக்குக் கீழே எலும்பைத் தொட்டதுமே நான் கத்தினேன். "கிளாவிக்கிள் போச்சு" என்றார். வலியிலும் எனக்குக் காது நிமிர்ந்தது. கிளாவிஸா? ஆமாம் என்றார், சின்னச் சாவி என்று அர்த்தம். கையைத் தூக்கினால் அந்த எலும்பு சாவி மாதிரி தன்னிலேயே திரும்புமாம், அதனால் லத்தீனில் அந்தப் பேர் வைத்திருக்கிறார்கள். நாம் காறை எலும்பு என்கிறோம். ஊரெல்லாம் தேடிய சாவி என் தோளிலேயே இருந்திருக்கிறது, அதையும் ஒடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பேரையெல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் வலது கையைத் தூளிகட்டித் தொங்கவிட்டு, என் பேச்சையும் கட்டினார்: "இது தானாத்தான் கூடணும். கம்பி விட்டுத் திருப்புற சோலியெல்லாம் இங்கன செல்லாது. பேசாம வீட்ல போய் உக்காருங்க."

மாங்காய்ப் பூட்டு

வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, நானே பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டியது. ஒரு கையால் பூட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் திருப்ப முடியும், எந்தத் திருடனும் சீக்கிரத்தில் திறக்க முடியாது என்று தெருவுக்கே பெருமை அடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி வெளியே வந்தாள். "மத்தியானம் வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக. பெறகு பஸ் ஏறிட்டாக, சின்னமனூருக்கு. சாவியக் கேட்டேன், குடுக்கல" என்றாள். சின்னமனூரில் நான் பஸ் மாறி நின்ற நேரம் அவளும் அங்கேதான் இறங்கியிருப்பாள். கூட்டத்தில் பார்க்கவில்லை. அவள் சொன்னதைச் செய்துவிட்டாள்.

இன்னொரு சாவி எங்கே என்று கேட்பீர்கள். கிடையாது. ஊருக்கெல்லாம் மாற்றுச் சாவி போட்டுக் கொடுத்தவன் என் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எதற்கு, ஒரு கம்பி போதாதா என்ற திமிர். அந்தக் கம்பியை இடது கையால் விட்டுப் பார்த்தேன். பூட்டு ஆடியது, கம்பி வழுக்கியது, தோள் உயிரை வாங்கியது. தெரு கூடிவிட்டது. "ஏலே, ஒரு கல்லத் தூக்கியாங்கடா" என்றார் ஒருத்தர். வேண்டாம் என்று கத்தினேன். உடைத்துத் திறந்தால் அவள் வந்து திறப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது என்று அப்போது தோன்றியது. வேறு வழி தெரியாமல் கடைக்குப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி என் கையைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். "உக்கார வைக்க எலும்புதான் ஒடியணும்னு தெரிஞ்சிருந்தா நானே முந்தியே ஒடிச்சிருப்பேனேப்பா!"

நிலைப்படி

சேதி எப்படியோ சின்னமனூருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் கடை வாசலில் பாண்டியம்மா. ஸ்டூலில் இருந்த என்னைப் பார்த்தாள். முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். ஸ்டூலுக்காக வந்தாளா, எலும்புக்காக வந்தாளா, இருப்பாளா, துணியை எடுத்துக்கொண்டு மறுபடி போய்விடுவாளா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. தாக்கோலையும் மிஃப்தாஹையும் தெரிந்து வைத்திருந்து என்ன, அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

கதவு முன்னால் வந்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். வழக்கம்போல் நிலைப்படியில் வைக்கப் போனாள். நானும் எடுப்பதற்குக் குனிந்தேன். பாதி குனிவதற்குள் தோளில் சுரீரென்று பிடித்து, ஐயோ என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் வைக்கப் போன சாவியை வைக்காமல் நிமிர்ந்தாள். செல்லத்தாயி தன் வாசலிலிருந்து, "ஆத்தீ, கையில குடுக்காதத்தா, சண்ட வரும்!" என்று கத்தினாள். பாண்டியம்மா என் இடது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல்தான். "வந்தா வரட்டும். ரெண்டு பேரும் வீட்ல இருந்தாத்தான சண்டையே போட முடியும்!"

எலும்பு கூடி வருஷம் பல ஆகியும் இன்றுவரை அந்த ஸ்டூலைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை, பஸ் ஹாரன் கேட்டால் கால் மட்டும் கொஞ்சம் ஆடும், சண்டை தினம் நடக்கிறது.